அந்த அடுப்பு இருந்த இடத்திலேயே இருக்கட்டும்

அன்புள்ள அக்காவுக்கு,

மியூனிக்கில் பத்து வருடமாக இருக்கிறேன். கணவர் ஜெர்மன்காரர். பவேரியாவின் கிழக்கே, காட்டை ஒட்டிய ஒரு கிராமத்தில் அவருடைய பாட்டி வாழ்ந்த பண்ணை வீடு இப்போது எங்கள் கைக்கு வந்திருக்கிறது. கூடத்து மூலையில் பச்சை ஓடு பதித்த பெரிய விறகுக் கணப்பு ஒன்று நிற்கிறது. காஹெலோஃபென் என்பார்கள். அதை ஒட்டி இரண்டு பக்கமும் மரப்பெஞ்சு. நாலைந்து ஓடுகளில் விரிசல், இடுக்குகளில் மண் உதிர்கிறது. அதை இடித்துவிட்டுக் கூடத்தையும் சமையலறையையும் ஒன்றாக்கலாம், வீட்டைச் சூடாக்க மின்சாரத்தில் ஓடும் ஹீட் பம்ப் போதும், புதுச் சட்டப்படி பழைய அடுப்புகளை எரிக்கவே முடியாது என்கிறார் எங்கள் ஆர்க்கிடெக்ட். கணவரின் அத்தை ஒரு புகைப்படம் அனுப்பினார். அவருடைய அம்மா சிறுமியாக அந்தப் பெஞ்சில் பூனையோடு உட்கார்ந்திருக்கிறார். பின்பக்கம் 1938 என்று எழுதியிருக்கிறது. வெறும் பழைய பாசத்துக்காக இடத்தையும் பணத்தையும் வீணாக்குகிறோமா?

சு.

அன்புள்ள சு.,

இடிக்காதீர்கள். பாசத்துக்காகச் சொல்லவில்லை.

நம் ஊரில் சித்திரை மாதம் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை இரவு பத்து மணிக்குத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். வெயில் போய் நாலு மணி நேரம் ஆகியும் சுவர் அனல் வீசும். உங்கள் கணப்பு செய்வதும் அதுதான். ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் விறகு நன்றாகக் கொழுந்துவிட்டு எரியும். அந்தப் புகை நேராக மேலே போகாமல், உள்ளே சூளைக்கல்லால் கட்டிய வழிகளில் சுற்றிச் சுற்றிப் போகும்போது சூட்டைக் கல்லிடம் விட்டுவிடுகிறது. அப்புறம் நாள் முழுக்கக் கல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். ஓடும் நாம் குளியலறையில் ஒட்டும் டைல்ஸ் மாதிரி அல்ல. பின்பக்கம் விளிம்பு வைத்துக் குழிவாகச் சுட்டு, அந்தக் குழியில் மண்ணும் கல்லும் அடைத்துக் கட்டியிருப்பார்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 4 யூனிட் (கிலோவாட்-மணி) சூடு இருக்கிறது. பத்துக் கிலோ எரித்தால் 40. நல்ல கணப்பு அதில் 80 சதவீதத்தைப் பிடித்துவைத்தால் 32 யூனிட். அது 12 மணி நேரத்துக்குப் பிரிந்து வரும்போது, சுமார் 2.7 கிலோவாட் ஹீட்டர் இடைவிடாமல் ஓடுவதற்குச் சமம். 1767இல் ஸ்வீடனில் விறகுப் பஞ்சத்தைச் சமாளிக்க க்ரோன்ஸ்டெட், வ்ரேட என்ற இருவர் யோசித்துக் கண்டதும் இந்தப் புகைவழியைத்தான். இதெல்லாம் தெளிவான பொறியியல்.

ஆல்ப்ஸ் மலைப் பகுதியான டிரோலில் ஒரு பண்ணை வீட்டில், ஒரு ஜனவரி மாதம் பத்து நாள் தங்கியிருக்கிறேன். காலையில் நெருப்பே இருக்காது, சாம்பல்தான். ஆனாலும் அந்தப் பெஞ்சில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் எலும்புவரை இதமாக இருக்கும். அந்த வீட்டில் யாரும் சோபாவில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

சரி, உங்கள் வீட்டு அடுப்பின் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். இந்த மாதிரிப் பழைய வீடுகளில் பெரும்பாலும் சமையலறைப் பக்கமோ நடைப் பக்கமோதான் இருக்கும். விறகும் சாம்பலும் அங்கேயே நின்றுவிடும், கூடத்துக்குச் சூடு மட்டும் வரும். அப்படியிருந்தால் நடுவில் இருக்கும் சுவரும் கணப்பின் ஒரு பகுதிதான். அந்தச் சுவரை எடுக்காமல் வேறு பக்கம் திறப்பு வைக்கச் சொல்லுங்கள். மாடி அறைக்குச் சூடு போகக் கூரையில் சின்ன மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள். சில வீடுகளில் வைத்திருப்பார்கள். ஹீட் பம்ப் வரட்டும், மற்ற அறைகளுக்கு அது நல்லதுதான். கூடத்தை மட்டும் கணப்பிடம் விட்டுவிடுங்கள்.

சட்டத்தைப் பற்றி ஆர்க்கிடெக்ட் சொன்னது பாதிதான். 2010இல் வந்த ஜெர்மன் விதி பழைய அடுப்புகளுக்குப் புகை அளவில் கட்டுப்பாடு வைத்தது உண்மை. கடைசிக் கெடுவும் 2024 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டது. ஆனால் இப்படிக் கல்லில் சூட்டைச் சேர்த்துவைக்கும் 'குருண்ட்ஓஃபென்' வகைக்கு அதில் விலக்கு உண்டு. 1950க்கு முன் நிறுவியது என்று காட்ட முடிந்த அடுப்புகளுக்கும் உண்டு. உங்கள் பகுதிக்குப் பொறுப்பான புகைபோக்கி அதிகாரியிடம் பேசாமல் யாரும் ஒரு ஓட்டைக்கூடப் பெயர்க்கக் கூடாது.

விரிசலுக்குப் பயப்பட வேண்டாம். இடுக்கில் இருப்பது களிமண் சாந்து, அதனால்தான் உதிர்கிறது. சூட்டில் ஓடும் கல்லும் விரிந்து சுருங்கும்போது களிமண் இடம் கொடுக்கும், சிமெண்ட் கொடுக்காது, ஓட்டை உடைத்துவிடும். அவசரத்துக்குச் சிமெண்ட் பூசுகிறேன் என்று எந்தக் கொத்தனார் வந்தாலும் தடுத்துவிடுங்கள். கணப்பு கட்டுபவர்கள் தனித் தொழிலாளர்கள். தேவைப்பட்டால் ஓடுகளுக்கு எண் போட்டு, மொத்தமும் பிரித்து, உள்வழியைப் புதிதாகக் கட்டி, அதே ஓடுகளைத் திரும்ப வைப்பார்கள். முதலில் புகைபோக்கி, அடுத்து கணப்பு, அதற்கப்புறம்தான் தரையும் பூச்சும். மற்ற வேலை நடக்கும்போது பலகை அடித்து அதை மூடிவையுங்கள்.

இதை மட்டும் கவனமாகக் கேளுங்கள். ஜன்னல்களை மாற்றி வெப்பக்காப்பு போட்டதும் வீடு காற்றுப் புகாமல் இறுகிவிடும். பழைய வீட்டில் இடுக்குகள் வழியே வந்த காற்றில்தான் நெருப்பு மூச்சுவிட்டது. இறுகிய வீட்டில் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் புகையை வீட்டுக்குள் இழுத்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். கணப்புக்கு வெளியிலிருந்து தனிக் காற்றுக் குழாய் போடச் சொல்லுங்கள். அடுப்பு எரியும்போது ஃபேன் நின்றுவிடும்படி இணைப்பு கொடுக்கச் சொல்லுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் வையுங்கள். தணல் முழுக்க அடங்கும் முன் புகைவழியை அடைக்காதீர்கள்.

விறகை இப்போதே வாங்கிப் பிளந்து, மழை படாமல், காற்றோட்டமாக அடுக்கிவிடுங்கள். பீச் மரம் காய இரண்டு வருடம் ஆகும். வீட்டு வேலை முடிய எப்படியும் அவ்வளவு நாளாகும்.

அத்தை அனுப்பிய படத்தைப் பத்திரமாக ஸ்கேன் செய்யுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. சிறுமியின் முதுகுக்குப் பின்னால் தெரியும் ஓடுகள் இப்போது இருக்கும் ஓடுகள்தானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அவைதான் என்றால், 1950க்கு முந்தையது என்று அதிகாரியிடம் காட்ட அந்தப் படத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள்.