14 நாள் மாத்திரை

அன்புள்ள அக்கா,

என் தங்கைக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. குழந்தை தூங்கினாலும் இவள் தூங்குவதில்லை. சும்மா சும்மா அழுகிறாள், பிள்ளையைத் தூக்கவே பயப்படுகிறாள். காத்து கருப்பு என்கிறார் அம்மா. கோவையில் காட்டினோம், டாக்டர் மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் மாத்திரை எழுதினார். பால் கொடுக்கிறவளுக்கு எதற்கு மாத்திரை என்று வீட்டில் தரவில்லை. அமெரிக்காவில் 14 நாளில் சரியாக்கும் புது மாத்திரை வந்திருக்கிறதாம், அங்கே இருக்கும் மச்சான் அனுப்புவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள தம்பி,

வேண்டாம். நீங்கள் கேள்விப்பட்டது ஸுரானோலோன், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கான மாத்திரை. 2023 ஆகஸ்டில் அங்கே அனுமதி கிடைத்தது. அதற்கு முன் 2019இல் இதே சோர்வுக்கு வந்த பிரெக்ஸனோலோன் என்ற மருந்தை 60 மணி நேரம் டிரிப்ஸாக ஏற்ற வேண்டியிருந்தது. கைக்குழந்தைக்காரி எங்கே போய் அப்படிப் படுத்துக் கிடப்பாள்?

கர்ப்ப காலத்தில் அலோபிரெக்னனோலோன் என்ற பொருள் உடம்பில் ஏகமாகக் கூடும். மூளையின் பதற்றத்தை அடக்கும் காபா ஏற்பிகளுக்கு அது துணை. பிரசவமானதும் சட்டென்று இறங்கிவிடும். சில பெண்களுக்கு அந்த இறக்கம் ஒத்துக்கொள்வதில்லை என்ற கணிப்பில் பிறந்தவைதான் இந்த இரண்டு மருந்துகளும். காத்து கருப்பு என்கிற அம்மாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

மாத்திரை வேலை செய்கிறது, மறுக்கவில்லை. கடுமையான மனச்சோர்வில் இருந்த 196 பெண்களிடம் சோதித்தபோது, 15ஆம் நாளில் சோர்வின் மதிப்பெண் 15.6 குறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் 11.6 குறைந்தது! அடிக்கடி ஒருவர் வந்து 'எப்படி இருக்கிறாய்' என்று கேட்டதற்கும் அதில் பங்குண்டு என்பது என் எண்ணம். 45 நாள் வரைதான் கவனித்தார்கள். தூக்கக் கலக்கம் வருவதால், போட்டபின் 12 மணி நேரம் வண்டி ஓட்டக்கூடாது. அங்கேயே கட்டுப்பாட்டில் இருக்கும் மருந்து அது, பார்சலில் வரவழைக்கிற சாமான் இல்லை. அப்புறம், அந்தச் சோதனையில் சேர்ந்த தாய்மார்களைத் தாய்ப்பாலை நிறுத்தச் சொன்னார்கள். பாலுக்காகச் செர்ட்ராலினை ஒதுக்கிய நீங்கள் இதற்கா ஆசைப்படுகிறீர்கள்?

செர்ட்ராலின் பாலில் மிகக் கொஞ்சம்தான் கலக்கிறது. பால் கொடுக்கும் தாய்மாருக்கு டாக்டர்கள் பெரும்பாலும் முதலில் எழுதுவதும் அதைத்தான். பலன் தெரியச் சில வாரம் ஆகும், அவ்வளவுதான். அதே டாக்டரிடம் மறுபடி போங்கள். சாகலாம் போல இருக்கிறது, பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேனோ என்று சொன்னாலோ, இல்லாத குரல் கேட்டாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் தமிழிலும் மலையாளத்திலும் இலவசமாகப் பேசலாம்.

ராத்திரி நாலைந்து மணி நேரம் அவள் ஒரே மூச்சாகத் தூங்க வழி செய்யுங்கள். உதவ ஆசைப்படும் மச்சானை, அந்தக் காசில் ராத்திரிக்குப் பிள்ளையைப் பார்க்க ஓர் ஆள் வைத்துத் தரச் சொல்லுங்கள்.