பச்சை 60022-க்கு வெள்ளிப் பெட்டிகள் சேருமா?

வணக்கம். மல்லார்ட் என்ற பிரிட்டிஷ் நீராவி எஞ்சினின் ஓஓ அளவு பொம்மை மாடலை வாங்கியிருக்கிறீர்கள். அது பச்சை நிறம், எண் 60022, சக்கரங்கள் முழுவதும் வெளியே தெரிகின்றன. விற்றவர் "சாதனை படைத்த கோலம் இதுதான்" என்றார், அதனால் அதன் பின்னால் இழுக்க வெள்ளிச் சாம்பல் நிற ரயில் பெட்டிகள் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்காதீர்கள். விற்றவர் சொன்னது தவறு.

1938 ஜூலை 3-ஆம் தேதி இங்கிலாந்தின் ஸ்டோக் சரிவில் மணிக்கு 126 மைல் தொட்டு, நீராவி எஞ்சின்களின் வேகச் சாதனை படைத்தபோது மல்லார்டின் எண் 4468. நிறம் கார்ட்டர் நீலம். சக்கரங்களின் மேற்பாதியை மூடியபடி பக்கவாட்டில் தகடு இருந்தது. போர்க்காலத்தில் பராமரிப்புக்கு இடைஞ்சல் என்று அந்தத் தகடுகளைக் கழற்றிவிட்டார்கள். 60022 என்ற எண் 1948-இல், ரயில்வே அரசுடைமையான பிறகு வந்தது, பச்சை 1950-களுக்குரியது.

வெள்ளிப் பெட்டிகளோ 1935-இல் லண்டன் - நியூகாசில் இடையே நான்கு மணி நேரத்தில் ஓடிய 'சில்வர் ஜூபிலி' ரயிலுடையவை. 1939-இல் போரோடு அது நின்றுபோனது. உங்கள் எஞ்சின் இந்தக் கோலத்தில் அவற்றை இழுத்திருக்கவே முடியாது.

அதற்காக மாடலுக்குத் தகடு ஒட்டி, நீலம் அடிக்க வேண்டாம், பாவம்! அந்தப் பச்சையே அழகு. 1950-களின் சிவப்பு-கிரீம் நிற, பிரிட்டிஷ் ரயில்வேயின் 'மார்க் 1' வகைப் பெட்டிகளைச் சேருங்கள். மல்லார்டின் வகையான ஏ4 எஞ்சின்கள் அப்போது லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு 393 மைல் நிற்காமல் 'எலிசபெத்தன்' ரயிலை இழுத்தன. எஞ்சினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டருக்குள், ஓர் ஆள் மட்டுமே நுழையக்கூடிய ஒடுக்கமான ஒரு நடைவழி. ஓடும் ரயிலிலேயே இரண்டாவது ஓட்டுநரும் கரி போடும் ஃபயர்மேனும் பெட்டியிலிருந்து அதன் வழியே எஞ்சினுக்குப் போய், முதல் ஜோடியிடமிருந்து வேலையை மாற்றிக்கொண்டார்கள்.

வெள்ளி ரயில்தான் வேண்டுமென்றால், அதே ஏ4 வகையில் பக்கத் தகடுள்ள 'சில்வர் லிங்க்' எஞ்சினின் மாடலை, எண் 2509, தேடுங்கள்.