படம் வாங்கினால் முகமும் சேர்ந்து வருமா?

கேள்வி: அமெரிக்காவில் பேஸ்பால் வீரரின் படத்தைப் புகைப்படக்காரரிடம் விலைக்கு வாங்கி, அட்டையாக அச்சிட்டு விற்றால் அந்த வீரர் தடுக்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். புகைப்படக்காரர் உங்களுக்குத் தருவது பதிப்புரிமை மட்டும்தான். முகம் வீரருடையது.

தன் முகத்தையும் பெயரையும் வணிகத்துக்குப் பயன்படுத்தவிடலாமா என்று அவரவரே முடிவு செய்யும் இந்த உரிமைக்கு 'பப்ளிசிட்டி உரிமை' (right of publicity) என்ற பெயர் கிடைத்ததே அட்டைச் சண்டையில்தான். சூயிங்கத்தோடு வீரர் பட அட்டை வைத்து விற்ற ஹேலன் என்ற நிறுவனம், வீரர்கள் தங்கள் படத்தைப் போட்டியாளர் எவருக்கும் தரக்கூடாது என்று அவர்களிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கியிருந்தது. போட்டி சூயிங்கம் நிறுவனமான டாப்ஸும் அதே வீரர்களை வளைத்தது. ஹேலனின் ஒப்பந்தம் 'என் படத்தைப் போட்டதற்கு வழக்குத் தொடுக்க மாட்டேன்' என்ற வாக்குறுதிதான், அதை வைத்து ஹேலன் உரிமை கொண்டாட முடியாது என்பது டாப்ஸின் வாதம். 1953-இல் நீதிபதி ஜெரோம் ஃபிராங்க் அதை ஏற்கவில்லை. புகழ்பெற்றவர்களுக்குப் படம் வெளிவருவதில் வருத்தமில்லை, அதற்குப் பணம் வராமல் போவதில்தான் வருத்தம் என்றார். எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இது. உழைத்துச் சம்பாதித்த பெயருக்குக் கூலி வேண்டாமா?

அப்புறம், கேலிக்கு விலக்கு உண்டு. கேலி அட்டைகள் தயாரித்த கார்ட்டூன்ஸ் (Cardtoons) நிறுவனம் பேஸ்பால் வீரர் பேரி பாண்ட்ஸைக் காதணியோடு வரைந்து, 24 காரட் தங்க மட்டையைத் தந்த சிறுவனுக்கு அவர் டிப்ஸ் கொடுப்பதாகக் காட்டியது. அது கருத்துச் சுதந்திரம் என்று 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உங்களுடையது கேலி அல்ல, வெறும் புகைப்படம். அச்சகத்துக்குப் போகும் முன் வீரர்கள் சங்கத்திடம் உரிமம் கேளுங்கள்.