‘ரகசியம்’ என்று திருப்பி அனுப்பினால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளைச் சேர்த்துப் படித்தால் ஒன்று தெரிகிறது. ராணுவ ரகசியத்தை யாரும் கேட்கவில்லை. ரோடு, குவாரி, அகழாய்வு அறிக்கை, விசாரணைக் கோப்பு, இவ்வளவுதான். ஆனால் அலுவலகங்களிலிருந்து வரும் பதிலில் மட்டும் எல்லையில் போர் நடப்பதுபோல ஒரு விறைப்பு.

மேலூர் பக்கத்து வாசகர்: எங்கள் ஊருக்குப் போட்ட தார்ச்சாலை ஒரு மழைக்கே பெயர்ந்துவிட்டது. ஏன் தரமில்லாமல் போட்டீர்கள், யார் பொறுப்பு என்று தகவல் உரிமைச் சட்டப்படி போட்ட ஆர்டிஐ மனுவில் கேட்டேன். “தகவல் என்ற வரையறைக்குள் வராது” என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். இதுவும் ரகசியமா?

ரகசியம் இல்லை. நீங்கள் கேட்ட விதம் அவர்களுக்கு வசதியாகப் போய்விட்டது. பொதுத் தகவல் அலுவலர் கையில் இருக்கும் ஆவணத்தைக் கொடுக்க வேண்டும். விளக்கம் சொல்லவோ கருத்துச் சொல்லவோ வேண்டியதில்லை என்று 2011இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘ஏன்’ என்று தொடங்கும் மனுவைத் தட்டிவிடுவது சுலபம். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவ்வளவு சுலபமாகத் தட்ட முடியாது.

அதனால் புதிதாக ஒரு மனு போடுங்கள். அந்தச் சாலைப் பணியின் எஸ்டிமேட், ஒப்பந்தம், பணி உத்தரவு, எம்-புக், தரப் பரிசோதனை அறிக்கை, பணம் பட்டுவாடா செய்த பில் ஆகியவற்றின் நகல் வேண்டும் என்று எழுதுங்கள். இதில் எம்-புக்தான் முக்கியம். பணியிடத்தில் நீளம், அகலம், கனம் என்ன என்று அளந்து பொறியாளர் தேதி போட்டுக் கையெழுத்திடும் அளவுப் புத்தகம் அது. அதை வைத்துத்தான் ஒப்பந்ததாரருக்குப் பணம் போகிறது. அதில் என்ன கனம் எழுதியிருக்கிறது என்று தெரிந்தால், ரோட்டின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு டேப்பை வைத்தே நீங்கள் சரிபார்த்துவிடலாம். ‘யார் பொறுப்பு’ என்ற கேள்விக்கும் அங்கே இருக்கும் கையெழுத்தே பதில்.

பலர் பயன்படுத்தாத இன்னொரு உரிமையும் உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 2(ஜே) நகலோடு நிற்பதில்லை. வேலையை நேரில் பார்வையிடலாம், போட்ட பொருளின் சான்றிட்ட மாதிரியையும் கேட்டு வாங்கலாம். தாரும் ஜல்லியும் அதில் அடங்கும். மாதிரி கேட்டு ஒரு மனு வந்துவிட்டது என்றாலே சில இடங்களில் மறுபடி ரோடு போட ஆள் வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பதிலுக்குக் கெடு 30 நாள். வராவிட்டாலோ மழுப்பினாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. கெடு தாண்டிக் கொடுத்தால் நகலுக்குக் காசு வாங்கக் கூடாது. மறுத்தது சரிதான் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் தகவல் அலுவலருடையது, உங்களுடையது அல்ல. தண்டனை என்று பார்த்தால் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000. ஆணையம் அதை எத்தனை முறை விதிக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள்.

மற்றபடி ஆதங்கத்தை மனுவில் நான்கு பக்கம் எழுத வேண்டாம். கிராம சபை எதற்கு இருக்கிறது? அங்கே எம்-புக் நகலோடு எழுந்து பேசுங்கள்.

உசிலம்பட்டி வாசகர்: தெரிந்தவர் ஒருவர் அலுவலகக் கோப்பின் நாலு பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். முறைகேடு அப்பட்டமாகத் தெரிகிறது. முகநூலில் போடலாமா? ரகசியச் சட்டத்தில் உள்ளே வைத்துவிடுவார்களா?

அலுவல் ரகசியச் சட்டம் 1923இல் வெள்ளைக்காரன் போட்டது. அதன் 3ஆம் பிரிவு உளவு பார்ப்பது பற்றியது. 5ஆம் பிரிவுதான் வலை மாதிரி அகலமானது. அரசுத் தகவலை அனுமதியில்லாமல் கொடுப்பதும் தெரிந்தே வாங்குவதும் அதில் குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை. ஊராட்சி ஒன்றிய அலுவலக டெண்டர் கோப்புக்கு இந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வருவது வழக்கமில்லை. ஆனால் “ஒன்றும் ஆகாது, போடுங்கள்” என்று நான் சொல்ல மாட்டேன்.

ரஃபேல் போர் விமான வழக்கை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆவணங்களை ‘தி இந்து’ நாளிதழ் வெளியிட்டது. அவை திருடப்பட்டவை, நீதிமன்றம் அவற்றைப் பார்க்கக் கூடாது என்று மத்திய அரசு வாதிட்டது. 2019 ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆட்சேபத்தைத் தள்ளுபடி செய்தது. தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 22 ரகசியச் சட்டத்தை மீறி நிற்கிறது, பொதுநலன் பெரிதென்றால் விலக்குப் பெற்ற தகவலையும் தரலாம் என்று பிரிவு 8(2) சொல்கிறது; இவற்றை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. நல்ல தீர்ப்புதான். ஆனால் ஆவணம் பத்திரிகையில் வந்த பிறகு நீதிமன்றம் அதைப் பார்க்கலாமா என்பதுதான் அங்கே கேள்வி. கோப்பைக் கசியவிட்டவருக்கு அது பொதுமன்னிப்பு இல்லை.

என் கவலை உங்களைப் பற்றிக்கூட இல்லை, அனுப்பியவரைப் பற்றி. ரகசியச் சட்டம் தேவையே இல்லை. நடத்தை விதியை மீறினார் என்று அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதி 17(பி)இன்கீழ் ஒரு குற்றச்சாட்டுக் குறிப்பாணை போதும், அவருடைய பதவி உயர்வும் ஓய்வூதியமும் வருஷக்கணக்கில் தொங்கும். முறைகேட்டை வெளியே சொல்பவரைக் காப்பாற்ற 2014இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் கையெழுத்தும் ஆனது. நடைமுறைக்கு மட்டும் கொண்டுவரவில்லை. போட்டோவில் தெரியும் சுருக்கொப்பமும், குறிப்புத் தாளின் பக்க எண்ணும், அன்று கோப்பு யார் மேஜையில் இருந்தது என்ற விவரமும் சேர்ந்தால் ஆளைக் கண்டுபிடிக்க ஒரு மதியம் போதும்.

அப்போது என்ன செய்வது? அந்த நாலு பக்கத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அதில் உள்ள ந.க. எண் (கோப்பின் எண்), தேதி, யாருக்கு எழுதியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நாள் கழித்து ஆர்டிஐ போடுங்கள். அந்த நாலு பக்கத்தை மட்டும் கேட்காதீர்கள், அது விரல் நீட்டிக் காட்டிக்கொடுப்பது. அந்த நிதியாண்டில் அந்தத் திட்டம் தொடர்பான எல்லாக் கோப்பையும் நேரில் பார்வையிட வேண்டும் என்று கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. பார்க்கும்போது தேவையான பக்கத்தில் அடையாளச் சீட்டு வைத்து, சான்றிட்ட நகல் வாங்குங்கள். பக்கத்துக்கு 2 ரூபாய். வாட்ஸ்அப் படத்தை “போலி” என்று சொல்லிவிடலாம். தகவல் அலுவலரின் முத்திரையோடு உள்ள நகலை அப்படிச் சொல்ல முடியாது. கசிவு உங்களுக்கு எங்கே தோண்டுவது என்று சொல்லும், அவ்வளவுதான். வழக்குக்கும் செய்திக்கும் தாங்கும் காகிதம் சட்டப்படி வாங்கியதுதான்.

மதுரைக்காரர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. 2012 மே மாதம் ஆட்சியராக இருந்த சகாயம், கிரானைட் குவாரிகளால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று அரசுக்கு அறிக்கை அனுப்பினார். சில நாளிலேயே மாற்றப்பட்டார். அறிக்கை ஊடகங்களில் அடிபட்டபோதுதான் விஷயம் ஊருக்குத் தெரிந்தது. ஆனால் நீதிமன்றத்தின் முன் தாங்கும் அறிக்கையாக அது வந்தது எப்போது? உயர் நீதிமன்றம் 2014இல் அவரையே சட்ட ஆணையராகப் போட்டு, அவர் ஊர் ஊராகப் போய் அளந்து, 2015 நவம்பரில் அறிக்கை தாக்கல் செய்தபோது.

செல்லூர் வாசகர்: ரகசிய அறிக்கையை லீக் செய்பவர்கள் எல்லாம் நல்லவர்கள்தானா?

இல்லை, அப்படி இருக்கவும் தேவையில்லை. ராஜீவ் காந்தி கொலை பற்றிய ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கை 1997 நவம்பரில் பத்திரிகையில் கசிந்தது. மத்திய அமைச்சரவையில் இருந்த திமுக அமைச்சர்களை நீக்கு என்று வெளியிலிருந்து ஆதரவு தந்த காங்கிரஸ் நின்றது, பிரதமர் குஜ்ரால் மறுத்தார், அந்த மாதமே ராஜினாமா செய்தார். அதே காங்கிரஸும் திமுகவும் 2004இல் ஒரே மேடையில் கைகோத்தன. அதற்கு அந்த அறிக்கை தடையாக நிற்கவில்லை.

இன்னொரு பக்கம் தூத்துக்குடி. 2018 துப்பாக்கிச்சூட்டை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம் 2022 மே மாதம் இறுதி அறிக்கை கொடுத்தது. ஆகஸ்டில் ‘ஃபிரண்ட்லைன்’ அதன் பகுதிகளை வெளியிட்டது. அக்டோபர் 18 அன்று சட்டமன்றத்தில் வைத்தார்கள். விசாரணை ஆணையச் சட்டப்படி ஆறு மாத அவகாசம் உண்டு, அரசு அதற்குள்தான் வைத்தது. இருந்தாலும் முன்பே வெளியே வந்ததால், எந்தப் பக்கத்தையும் அமுக்க வழியில்லாமல் போனது. கசிந்த ஆவணம் கைக்கு வந்தால் கொடுத்தவரின் மனசை ஆராய்வதைவிட, முழுதாக இருக்கிறதா, எந்தப் பக்கம் இல்லை என்று பாருங்கள். இல்லாத பக்கத்தில்தான் அவருடைய உள்நோக்கம் இருக்கும்.

திருப்புவனம் வாசகர்: கீழடி அறிக்கையை ஆர்டிஐயில் கேட்க முடியுமா?

கேட்கலாம். முதல் இரண்டு கட்ட அகழாய்வு பற்றி அதை நடத்திய தொல்லியலாளர் அமர்நாத் ராமகிருஷ்ணா 982 பக்க அறிக்கையை 2023 ஜனவரியில் மத்திய அரசின் தொல்லியல் துறையிடம் கொடுத்தார். 2025 மே மாதம் திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள், அவர் மறுத்தார். இதுபோன்ற இடத்தில் வரும் வழக்கமான பதில் “பரிசீலனையில் உள்ளது”. எந்தத் தகவலை மறுக்கலாம் என்று பட்டியலிடும் பிரிவு 8ஐ மேலிருந்து கீழ்வரை படித்துப் பாருங்கள், ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு விலக்கு கிடையாது. அமைச்சரவைக் காகிதத்துக்கும் நடக்கும் புலனாய்வுக்கும்தான் அப்படி ஒரு மறைப்பு. பானை ஓட்டின் காலத்தைச் சொல்வது நாட்டின் பாதுகாப்பைக் கெடுக்காது. பதிப்புரிமை என்று சொன்னால், பிரிவு 9 அரசல்லாத ஒருவரின் பதிப்புரிமையை மட்டும்தான் காக்கிறது என்று எழுதுங்கள்.

என்னைக் கேட்டால் அறிக்கையைவிட, திருத்தம் கேட்ட கடிதப் போக்குவரத்தையும் நிபுணர்கள் எழுதிய குறிப்புகளையும் கேட்பேன். தமிழ் மண்ணின் வயசைப் பற்றி யார் என்ன சந்தேகப்பட்டார், எந்த ஆதாரத்தை வைத்து, என்பது அங்கேதான் இருக்கும். ஒன்று கவனம்: இது மத்திய அரசு அலுவலகம். மாநில அலுவலகத்துக்கு ஒட்டுவதுபோல கோர்ட் ஃபீ வில்லை ஒட்டினால் திருப்பி அனுப்புவார்கள். 10 ரூபாய்க்குப் போஸ்டல் ஆர்டர் வாங்குங்கள், இல்லை மத்திய அரசின் ஆர்டிஐ இணையதளத்தில் போடுங்கள். மனு தமிழில் இருக்கலாமா என்றால், அந்த வட்டாரத்தின் ஆட்சி மொழியிலும் எழுதலாம் என்றே சட்டம் சொல்கிறது.

அரிட்டாபட்டி அருகிலிருந்து: டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. முன்னாலேயே சொல்ல வேண்டும் என்று சட்டம் இல்லையா?

இருக்கிறது. மக்களைப் பாதிக்கும் முக்கிய முடிவை எடுக்கும்போது அது தொடர்பான விவரங்களைத் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது பிரிவு 4(1)(சி). பாதிக்கப்படுபவருக்குக் காரணத்தையும் சொல்ல வேண்டும் என்கிறது 4(1)(டி). யாரும் மனு போடத் தேவையில்லை. ஆனால் இந்தப் பிரிவை மீறினால் அபராதம் என்று சட்டத்தில் நேரடியாக இல்லை, அதனால் அலட்சியம். 2024 நவம்பர் 7 அன்று ஏல முடிவு வந்தது. அப்புறம்தான் ஊர்க்கூட்டம், டிசம்பரில் சட்டமன்றத் தீர்மானம், ஜனவரியில் மதுரை வரை பேரணி, 2025 ஜனவரி 23 அன்று ரத்து. நடுவில் மத்திய அரசும் மாநில அரசும் ‘நீ முன்பே சொல்லவில்லை’ என்று ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டின. முதல் கடிதத்திலிருந்தே அந்தப் போக்குவரத்து இணையத்தில் கிடந்திருந்தால் அந்தச் சண்டைக்கே இடமில்லை.

இனிமேலுக்கு ஒரு யோசனை. உங்கள் வருவாய்க் கிராமத்தின் பெயரைக் குறிப்பிட்டு, கனிமம் தொடர்பாக வந்த, போன எல்லாக் கடிதங்களின் நகலையும் மாவட்டப் புவியியல் மற்றும் சுரங்கத் துறை அலுவலகத்தில் வருஷத்துக்கு ஒரு முறை கேட்டு வையுங்கள்.

அண்ணாநகர் வாசகர்: ஒரு அதிகாரியின் இடமாறுதல் உத்தரவைக் கேட்டேன். தனிநபர் தகவல் என்று மறுத்துவிட்டார்கள்.

இது இப்போது நிஜமாகவே கடினம். முன்பு பிரிவு 8(1)(ஜே)இல், பொதுப்பணிக்குத் தொடர்பில்லாத, அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையில்லாமல் தலையிடும் தனிநபர் தகவலை மட்டும்தான் மறைக்க முடியும், பொதுநலன் இருந்தால் அதையும் தர வேண்டும். 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை வெட்டி, தனிநபர் தகவல் என்றாலே விலக்கு என்று சுருக்கியது. அது 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துவிட்டது. என் பார்வையில், தகவல் உரிமைச் சட்டத்துக்கு விழுந்த அடிகளில் இதுவே பெரியது. ஒரு பெயர் இல்லாத அரசுக் கோப்பு ஏது?

மிச்சமிருப்பது பிரிவு 8(2). மேல்முறையீட்டில் “இதில் தெரிய வேண்டிய பொதுநலன் இது” என்று இரண்டு வரி குறிப்பாக எழுதுங்கள். பிரிவு 10இன்படி, வீட்டு முகவரி, வங்கிக் கணக்கு போன்றவற்றை மறைத்துவிட்டு மிச்சத்தைத் தரும்படியும் கேளுங்கள்.

திருமங்கலம் வாசகர்: லஞ்ச ஒழிப்புத் துறைக்கு ஆர்டிஐ பொருந்தாதாமே?

2008இல் தமிழக அரசு விலக்கு கொடுத்தது உண்மை. ஆனால் பிரிவு 24(4)இலேயே, ஊழல் குற்றச்சாட்டு பற்றிய தகவலுக்கு அந்த விலக்கு செல்லாது என்று இருக்கிறது. லஞ்ச ஒழிப்புத் துறையில் ஊழலைத் தவிர வேறென்ன கோப்பு இருக்கும் என்று மேல்முறையீட்டில் மரியாதையாகக் கேளுங்கள். புலனாய்வு நடந்துகொண்டிருந்தால் மட்டும் 8(1)(எச்) குறுக்கே வரும். அப்போதும், தகவல் தந்தால் விசாரணை எப்படிக் கெடும் என்று அவர்கள் விளக்க வேண்டும்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்: குவாரி பற்றி மனு போட்ட மறுநாளே வீட்டு வாசலில் ஆள் வந்து நின்றார்கள்.

முதலில் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்கள். அடுத்த மனுவில் வீட்டு முகவரி தர வேண்டியதில்லை. அஞ்சல் பெட்டி எண் போதும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013இல் சொன்னது. காரணமும் சொல்ல வேண்டாம், பிரிவு 6(2) அதைக் கேட்கவே கூடாது என்கிறது. அப்புறம், தனியாகப் போடாதீர்கள். அதே கேள்வியை வேறு வேறு ஊரிலிருந்து ஏழெட்டுப் பேர் போட்டால், எந்த வாசலில் போய் நிற்பது என்று அவர்களுக்கே தெரியாது.