விசா எப்போ வரும்னு தெருவே கேட்குது, என்ன சொல்ல?

வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று ஒரே விஷயத்தைப் பற்றியவை. கனடாவில் இருக்கும் கணவனோ மனைவியோ இங்கே இருப்பவரை ஸ்பான்சர் செய்து பிஆர், அதாவது அங்கே நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை, வாங்கித் தருவது, அதற்காகக் காத்துக் கிடப்பது. நம்ம பக்கத்தில் இப்போது தெருவுக்கு ஒரு வீட்டில் இந்தக் கதை இருப்பதால் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. அவர் பிராம்ப்டனில் பிஆரோடு இருக்கிறார். கல்யாணம் முடிந்த கையோடு ஸ்பான்சர் விண்ணப்பம் போட்டோம். பயோமெட்ரிக், மெடிக்கல் எல்லாம் முடிந்து மாதக்கணக்காக ஒரு தகவலும் இல்லை. எங்கள் மேல் ஏதாவது சந்தேகமா? பள்ளிக்கூட டீச்சர் வேலையை விட்டுவிட்டுத் தயாராக இரு என்கிறார்கள் மாமியார் வீட்டில். பணம் கொடுத்தால் சீக்கிரம் முடித்துத் தருவேன் என்கிறார் ஒரு ஏஜென்ட். என்ன செய்ய?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: தங்கச்சி, வேலையை விடாதே. மற்றதெல்லாம் அப்புறம், இது முதலில். எந்த மாதம் வரும் என்று யாருக்கும் தெரியாத ஒரு விசாவுக்காகக் கையில் இருக்கிற சம்பளத்தை எதற்கு விட வேண்டும்? பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லித் தகவல் வந்தபிறகு பள்ளியில் சொன்னால் போதும். விசாவில் எந்தத் தேதிக்குள் போய் இறங்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள், மறுநாளே விமானம் ஏற வேண்டியதில்லை.

சந்தேகம் என்று நீ நினைப்பது சந்தேகம் இல்லை. அதிகாரிக்கு உண்மையிலேயே சந்தேகம் வந்தால் எழுத்தில் விளக்கம் கேட்பார், இல்லையென்றால் நேர்காணலுக்குக் கூப்பிடுவார். பேச்சே இல்லை என்றால் பெரும்பாலும் வரிசைதான் காரணம். கனடா ஒவ்வொரு வருஷத்துக்கும் இத்தனை பேருக்குத்தான் பிஆர் என்று முன்கூட்டியே இலக்கு வைக்கிறது. கணவன், மனைவி, பிள்ளைகள் பிரிவுக்கு 2024-ல் 82,000 என்று வைத்ததை 2025-க்கு 70,000 ஆகக் குறைத்தார்கள். இடம் குறைந்தால் வரிசை நீளத்தானே செய்யும்? அதில் உன் குற்றமும் இல்லை, உன் வீட்டுக்காரர் குற்றமும் இல்லை. இதை மாமியாரிடமும் உட்கார்ந்து சொல்லு, அவர்களுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஏஜென்ட் பக்கம் போகவே போகாதே. காசு கொடுத்து இந்த வரிசையில் முன்னால் போக வழி கிடையாது. கட்டணம் வாங்கிக்கொண்டு உங்களுக்காகக் கனடா குடிவரவுத் துறையிடம் பேச அந்த ஊர் வக்கீல்களுக்கும், அங்கே உரிமம் பெற்ற ஆலோசகர்களுக்கும்தான் அனுமதி. உரிமம் இருக்கிறதா என்று அவர்களுடைய பொதுப் பதிவேட்டில் பெயரைப் போட்டு உன் வீட்டுக்காரரே ஆன்லைனில் பார்க்கலாம்.

அவர் அங்கிருந்து செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, உன் கையெழுத்துப் போட்ட சம்மதப் படிவத்தோடு 5 டாலர் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் ஃபைலின் உள்குறிப்புகளைக் கேட்கலாம். ஜிசிஎம்எஸ் நோட்ஸ் என்பார்கள். எந்தக் கட்டத்தில் நிற்கிறது, எதற்காக நிற்கிறது என்பது அதில் ஓரளவு தெரியும். இன்னொன்று, அவர் குடியிருக்கும் தொகுதி எம்பி அலுவலகம். குடிவரவு விசாரிப்பு அவர்களுக்கு அன்றாட வேலை, காசும் வாங்க மாட்டார்கள், பிஆர் வைத்திருப்பவரும் கேட்கலாம். துறை இணையத்தில் போட்டிருக்கும் கால அளவைத் தாண்டிய பிறகு கேட்டால்தான் பலன் இருக்கும். மெடிக்கல் 12 மாதம்தான் செல்லும், அதற்குள் முடியாவிட்டால் மறுபடி எடுக்கச் சொல்லலாம், அதைப் பார்த்து வேறு ஏதோ என்று பயப்படாதே. சர்க்கரை, தைராய்டு என்று மருத்துவச் செலவைக் காரணம் காட்டி ஸ்பான்சர் செய்யப்பட்ட மனைவியையோ கணவனையோ மறுக்க முடியாது, அவர்களுக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன்னைப் பிரிந்திருக்க முடியாமல் அவர் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து தங்கிவிடக் கூடாது. பிஆர் மட்டும் உள்ளவர் கனடாவில் குடியிருந்தால்தான் ஸ்பான்சராக இருக்க முடியும். லீவுக்கு வரட்டும், வந்து போன டிக்கெட்டும் பாஸ்போர்ட் முத்திரையும் உங்கள் ஃபைலுக்கே நல்ல சான்று.

கேள்வி: மகன் டொரன்டோவில் ஒர்க் பெர்மிட்டில் இருக்கிறான். அவன் பிஆர் விண்ணப்பம் முடியப் போகிற நேரம். ஆவணியில் கல்யாணம் பேசியிருக்கிறோம். கல்யாணத்தைச் சொல்லாமல் பிஆரை வாங்கிவிட்டு அப்புறம் மருமகளை ஸ்பான்சர் பண்ணலாம் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். சரியா?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: தப்பு அண்ணாச்சி, ரொம்பப் பெரிய தப்பு. பிஆர் ஆகும்போது மனைவி இருந்தும் சொல்லாமல் விட்டால், அதே மனைவியைப் பிறகு குடும்பப் பிரிவில் ஸ்பான்சர் செய்ய முடியாது என்று அவர்கள் விதியே இருக்கிறது, 117(9)(d) என்று. சிலருக்கு விலக்குக் கிடைத்தது உண்டு, அதை நம்பி ஒரு பெண்ணின் வாழ்க்கையை வைக்கலாமா? பொய்த் தகவல் என்று முடிவானால் 5 வருஷத் தடையும் வரும். ஆவணியிலேயே முடிப்பதென்றால் தாலி கட்டியதும் மகன் துறைக்குத் தெரிவித்து மருமகளையும் விண்ணப்பத்தில் சேர்க்கட்டும், நாள் கூடினாலும் பரவாயில்லை. இல்லையா, பிஆர் கையில் வந்தபிறகு ஒரு முகூர்த்தம் பாருங்கள். எனக்குக் கேட்டால் இரண்டாவதே நல்லது. லீவு கிடைக்கவில்லை, வீடியோ காலில் நடத்திவிடலாம் என்ற பேச்சே வேண்டாம், ஒருவர் நேரில் இல்லாமல் நடக்கும் கல்யாணத்தை 2015 ஜூனிலிருந்து அவர்கள் குடிவரவுக்கு ஏற்பதில்லை.

கல்யாணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள், 2009 சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாக் கல்யாணத்துக்கும் அது கட்டாயம். பிற்பாடு ஸ்பான்சர் செய்வதாக இருந்தால், எப்படி அறிமுகம், யார் பேசி முடித்தார்கள், கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று ஒரு நீளமான படிவம் கேட்கும். பெற்றோர் பார்த்து வைத்த கல்யாணம் என்று தைரியமாக எழுதலாம், அதில் குறையே இல்லை. ஆனால் காட்ட ஆதாரம் வேண்டும். மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும் ஆற்றங்கரையில் நின்று எடுத்த படங்கள் பத்தாது. நிச்சயதாம்பூலம், தாலி கட்டு, பந்தி, மறுவீடு என்று இரண்டு வீட்டுச் சொந்தக்காரர்களும் இருக்கிற படங்கள் வேண்டும். பத்திரிகை, மண்டப ரசீது, அப்புறம் மொய் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஊரும் பெயருமாக யார் யார் வந்தார்கள் என்று அன்றைக்கே கையால் எழுதியது வேறு எந்தக் காகிதத்தில் இருக்கிறது? தேவையான பக்கங்களை மொழிபெயர்த்துச் சேர்க்கலாம். மொழிபெயர்ப்பை மட்டும் வீட்டு ஆள் செய்யக் கூடாது.

பெயரையும் கவனியுங்கள். ஆதாரில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, பத்திரிகையில் வேறு எழுத்து என்று இருந்தால் அங்கே உள்ளவருக்கு மூன்று ஆளாகத் தெரியும். கல்யாணப் பதிவில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மனைவி கனடாவில் நர்ஸ். அவள்தான் என்னை ஸ்பான்சர் செய்திருக்கிறாள். "பொண்டாட்டி கூப்பிட்டாத்தான் போவியா" என்று ஊரில் பேசுகிறார்கள், மனசு விட்டுப் போகிறது. விசிட்டர் விசாவில் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாமா? பிஆர் விண்ணப்பம் கெட்டுவிடுமா?
- வாசகர், வள்ளியூர்

பதில்: கெடாது தம்பி. பிஆர் கேட்டிருப்பவர் தற்காலிகமாகவும் வரலாம் என்று அவர்கள் சட்டத்தின் 22(2) பிரிவே சொல்கிறது. ஆனால் ஸ்பான்சர் விண்ணப்பம் இருப்பதை மறைக்காமல் எழுது, அனுமதித்த நாளுக்குள் திரும்புவாய் என்பதற்கு வேலை, லீவுக் கடிதம், இங்கே உள்ள பொறுப்பு எல்லாவற்றையும் காட்டு. மறுத்தாலும் பிஆர் ஃபைல் தனியாக ஓடிக்கொண்டுதான் இருக்கும். நீ முன்பு வளைகுடாவில் வேலை பார்த்திருந்தால் அந்த நாட்டு போலீஸ் சான்றிதழும் கேட்கக்கூடும், அதற்கு நாளாகும், இப்போதே ஆரம்பித்துவிடு. இந்திய போலீஸ் சான்றிதழான பிசிசி-க்குத் திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திராவே போதும்.

ஊர்ப் பேச்சைப் பற்றி. நர்ஸ் வேலையில் நைட் ஷிப்ட் முடித்து, தனியாகச் சமைத்து, வாடகை கொடுத்து, நீ வந்து இறங்கிய நாளிலிருந்து 3 வருஷத்துக்கு உன் அடிப்படைச் செலவுக்கு நான் பொறுப்பு என்று அந்த அரசாங்கத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள் அந்தப் பெண். அப்படி ஒருத்தி மனைவியாக இருப்பது பெருமை, அதை டீக்கடையில் நாலு பேர் கேட்கும்படியே சொல்லலாம். அவள் டொரன்டோ பக்கம் இருந்தால் கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிரில் பத்தரை மணி நேரம் நமக்குப் பின்னால். அவள் ஷிப்டைக் கேட்டு, பேசுவதற்கென்று ஒரு நேரம் வைத்துக்கொள். எப்போது பார்த்தாலும் ஃபைலைப் பற்றியே பேசாமல் அவள் என்ன சாப்பிட்டாள், யாரோடு சண்டை என்று கேள். இதற்கிடையில் குழந்தை பிறந்தால் உடனே துறைக்குத் தெரிவித்து விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டும், அதை மட்டும் தள்ளிப் போடாதே.