20 பேரும் பிழைத்தது எதனால்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நிரூபிக்கப்படாத மருந்துகளைக் கண்டித்து நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். கொரோனா காலத்தில் எங்கள் வீட்டிலும் சொந்தத்திலுமாக 20 பேருக்குத் தொற்று வந்தது. எல்லாரும் ஒரே மூலிகைப் பொடியைத்தான் சாப்பிட்டோம். 20 பேரும் பிழைத்துவிட்டோம். இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்? பக்கவிளைவு இல்லாத ஒன்றைச் சாப்பிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? விஞ்ஞானிகளும்தான் இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று பேசினார்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

20 பேரும் நலமாக இருப்பதில் எனக்கும் மகிழ்ச்சி. உங்கள் கேள்வி நியாயமானது. அதற்குக் கணக்குப் போட்டே பதில் சொல்லலாம்.

ஒரு நோய் வந்த 100 பேரில் ஒருவர் இறக்கிறார், 99 பேர் எதுவும் செய்யாமலே தேறிவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பிழைக்கும் வாய்ப்பு 0.99. 20 பேரும் பிழைக்கும் வாய்ப்பைக் கண்டுபிடிக்க 0.99ஐ 20 முறை பெருக்க வேண்டும். விடை 0.82. இப்படி 20 பேருக்குத் தொற்று வந்த 100 குடும்பங்கள் இருந்தால், ஏறத்தாழ 82 குடும்பங்களில் மருந்தே இல்லாமல் ஒரு சாவும் இருக்காது. அந்த 82 குடும்பங்களும், அந்த வாரத்தில் எதைச் சாப்பிட்டார்களோ அதுதான் காப்பாற்றியது என்று நம்புவார்கள். மீதி 18 குடும்பங்களிலும் அதே பொடியைச் சாப்பிட்டிருக்கக்கூடும். ஆனால் இழவு விழுந்த வீட்டிலிருந்து யாரும் ‘இதைச் சாப்பிடுங்கள்’ என்று செய்தி அனுப்புவதில்லை.

100 பேர் சாப்பிட்டு 100 பேரும் பிழைத்தால்? அதுவும் மருந்தில்லாமலே நடக்க 0.37 வாய்ப்பு உண்டு. 300 பேரைத் தாண்டியும் ஒரு சாவு இல்லை என்றால்தான் ‘இது தற்செயல் இல்லைபோல’ என்று பேச ஆரம்பிக்கலாம். அப்போதும் அவர்கள் வயது என்ன, சர்க்கரை நோய் இருந்ததா என்று பார்த்தாக வேண்டும். இளவயதுக்காரர்கள் மட்டும் என்றால் 300ம் போதாது. 1 சதவீதச் சாவை ஒரு மருந்து பாதியாகக் குறைக்கிறது என்று காட்ட, மருந்து கொடுத்தவர்கள் ஏறக்குறைய 5,000 பேர், கொடுக்காதவர்கள் 5,000 பேர் தேவை.

கொடுக்காதவர்கள் எதற்கு என்று கேட்பீர்கள். டெக்ஸாமெத்தசோன் கதை அதற்குப் பதில். பிரிட்டனில் 2020இல் ‘ரெகவரி’ என்ற ஆய்வில், மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் 2,104 பேருக்கு இந்தப் பழைய, விலை குறைந்த ஸ்டீராய்டைத் தினம் 6 மில்லிகிராம் வீதம் அதிகபட்சம் 10 நாள் கொடுத்தார்கள். 4,321 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். யாருக்கு மருந்து என்பதைக் கணினி குலுக்கல் முறையில் முடிவு செய்தது. மருத்துவரிடம் விட்டால், தேறுவார் என்று அவர் நினைப்பவருக்கே மருந்து போய்ச் சேரலாம். மருந்து தொடங்கும் நாளுக்கு முன்பே இறந்தவர்கள் ‘மருந்து எடுக்காதவர்கள்’ கணக்கில் விழுந்துவிடவும் செய்வார்கள். அப்புறம் எந்த மருந்தும் நல்ல மருந்தாகத்தான் தெரியும்.

28 நாள் கழித்து எண்ணினார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் மருந்து இல்லாமல் இறந்தவர்கள் 41.4 சதவீதம், மருந்தோடு 29.3. ஆக்சிஜன் மட்டும் வைத்திருந்தவர்களில் 26.2, 23.3. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களில் 14.0, 17.8. கடைசி ஜோடியை இன்னொரு முறை பாருங்கள். மருந்து எடுத்தவர்களில்தான் சாவு கூடுதல். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் பலன் இருந்ததற்கு அறிகுறி இல்லை. முதல் வாரத்தில் வைரஸ் பெருகும்போது உடம்பின் எதிர்ப்புச் சக்தி முழுதாக வேலை செய்ய வேண்டும், அப்போது ஸ்டீராய்டு அதை அடக்கிவிடும். பின்னால், எதிர்ப்புச் சக்தியே வெறிகொண்டு நுரையீரலை அழிக்கும் கட்டத்தில் அதே அடக்குதல் உயிரைக் காக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லாமல் இருந்திருந்தால், எங்கே பலன் தருகிறது, எங்கே தரவில்லை என்ற எல்லைக்கோட்டை யாராலும் கண்டிருக்க முடியாது. வாட்ஸ்அப்பில் வந்த மருந்துச் சீட்டைப் பார்த்து இரண்டாம் நாளே ஸ்டீராய்டு விழுங்கியவர்களை நினைத்தால் இன்றும் வேதனையாக இருக்கிறது.

விஞ்ஞானிகள் மாற்றிப் பேசியது பற்றி. ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் என்ற மலேரியா மருந்து, ஆய்வகத்தில் குரங்குச் சிறுநீரகச் செல்களில் வைரஸைத் தடுத்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மார்ச் 28இல் அவசர அனுமதி கொடுத்தது. ஆனால் மனித நுரையீரல் செல்களில் வைரஸ் நுழைய இன்னொரு வழி இருக்கிறது. செல்லின் மேற்பரப்பிலேயே டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற நொதி அதற்குக் கதவைத் திறந்துவிடும். இந்த மருந்து அடைப்பது செல்லுக்குள்ளே இருக்கும் வேறு கதவை. அதே ரெகவரி ஆய்வில் மருந்து எடுத்தவர்களில் 27.0 சதவீதம், எடுக்காதவர்களில் 25.0 சதவீதம் இறந்தார்கள். ஜூன் 15இல் அனுமதி ரத்தானது. கருத்து மாறியதற்குக் காரணம் இந்த எண்ணிக்கைதான். எந்த எண் வந்தால் நிறுத்துவார் என்று உங்கள் பொடியை விற்றவரிடம் கேட்டுப் பாருங்கள்.

பக்கவிளைவு இல்லை என்கிறீர்கள். அது எப்படித் தெரிந்தது? 20 பேரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றாலும், 100க்கு 10 பேரின் கல்லீரலைக் கெடுக்கும் பொருளாகவே அது இருந்திருக்க முடியும். 0.9ஐ 20 முறை பெருக்கினால் 0.12 வரும், அவ்வளவு ஒன்றும் அபூர்வமில்லை. கல்லீரல் பாதிப்பு ரத்தப் பரிசோதனை செய்யாமல் பெரும்பாலும் வெளியே தெரியவும் தெரியாது.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, ‘மருந்துதான் சாப்பிடுகிறோமே’ என்ற தைரியத்தில் கைவிட்டுப்போகும் நாட்கள். கொரோனாவில் 5ஆம் நாளிலிருந்து 10ஆம் நாள் வரை கவனிக்க வேண்டிய காலம். மூச்சு வாங்குவதே தெரியாமல் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். பொடி சாப்பிட்டே தீருவேன் என்று வீட்டில் யாராவது பிடிவாதம் பிடித்தால் சண்டை போட வேண்டாம், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைக் கையில் கொடுங்கள். நகப்பூச்சை அழித்துவிட்டு, கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கி, 5 நிமிடம் உட்கார்ந்த பிறகு மாட்ட வேண்டும். எண் ஏறி இறங்குவது நிற்க ஒரு நிமிடமாவது ஆகும், நின்ற பிறகு வருவதைக் குறிக்க வேண்டும். காலை, மதியம், இரவு மூன்று வேளையும். நம்மைப் போன்ற கறுத்த தோலில் இந்தக் கருவி சில சமயம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும், அதனால் முதல் நாள் எண்ணைவிட 3 குறைந்தாலே மருத்துவரைக் கூப்பிடுங்கள். 94க்குக் கீழே போனால் அன்றைக்கே. 92 அல்லது அதற்கும் கீழே என்றால் நேரே மருத்துவமனைக்கு. போகும்போது பொடிப் பொட்டலத்தையும் எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.