பிரபஞ்சம் எங்கே முடிகிறது? – வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், ஆளுக்கொரு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள்: பிரபஞ்சத்துக்கு முடிவு உண்டா, இல்லையா? தொடங்கும் முன் ஒன்று. ‘அளவு உண்டா’ என்பது ஒரு கேள்வி, ‘விளிம்பு உண்டா’ என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் முக்கால்வாசிச் சிக்கல். மாணவனாக இருந்தபோது நானும் அப்படித்தான் குழம்பிக் கிடந்தேன்.

கேள்வி: விளிம்பு என்று ஒன்று இருந்தால் அதற்கு அப்பால் ஏதாவது இருக்கத்தானே வேண்டும்? அப்படியானால் பிரபஞ்சம் முடிவில்லாதது என்றுதானே ஆகிறது?

இது 2,300 ஆண்டுக்கும் மேல் பழைய வாதம். ஆர்க்கிட்டஸ் என்ற கிரேக்கர் கேட்டார்: பிரபஞ்சத்தின் விளிம்பில் போய் நின்று கையில் இருக்கும் கோலை நீட்டினால் நீளுமா, நீளாதா? நீண்டால் அது விளிம்பே இல்லை. நீளவில்லை என்றால் அங்கே எதுவோ தடுக்கிறது, அந்தத் தடுப்புக்கு அப்பால் என்ன? அழகான வாதம்தான். ஆனால் விளிம்பு இல்லை என்பதற்கு மேல் அதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

பழைய பட்டன் போனில் பாம்பு விளையாட்டு ஆடியிருப்பீர்கள். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் பாம்பு ஓரத்தில் முட்டினால் ஆட்டம் முடிந்தது. இன்னொன்றில் வலது பக்கம் நுழைந்து இடது பக்கம் வெளியே வரும், மேலே போனால் கீழிருந்து எட்டிப் பார்க்கும். இரண்டாவது பாம்பின் உலகத்தில் விளிம்பு கிடையாது. ஆனாலும் திரையில் இருப்பது எண்ணி முடிக்கக்கூடிய கட்டங்கள்தான். நம் பிரபஞ்சமும் முப்பரிமாணத்தில் இப்படி இருக்கலாம். நேராகப் போய்க்கொண்டே இருந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம், வழியில் எங்கேயும் சுவர் இருக்காது.

கேள்வி: பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு. அப்புறம் எப்படி 4,600 கோடி ஒளியாண்டு தூரம் வரை தெரிகிறது என்கிறார்கள்? ஒளியைவிட வேகமாக எதுவும் போகாது என்று படித்தோமே!

நமக்கு வந்து சேர்கிற மிகப் பழைய ஒளி, பெருவெடிப்புக்கு ஏறக்குறைய 3.8 லட்சம் ஆண்டு கழித்துக் கிளம்பியது. அது கிளம்பிய இடம் அப்போது இங்கிருந்து 4.2 கோடி ஒளியாண்டு தூரத்தில்தான் இருந்தது. அந்த 4.2 கோடியைக் கடந்து வர அதற்கு 1,380 கோடி ஆண்டு பிடித்திருக்கிறது. பிரபஞ்சம் விரிவதால் வரவர வழி நீண்டுகொண்டே போனதுதான் காரணம். கிளம்பிய இடமோ இதற்குள் 4,600 கோடி ஒளியாண்டுக்கு விலகிப் போய்விட்டது. வேக வரம்பு வெளிக்குள் ஓடுகிற பொருளுக்குத்தான், அந்த வெளி தானாகவே விரிவதற்கு அது பொருந்தாது.

இந்த 4,600 கோடி என்பது நம் பார்வைக்கு எட்டும் தூரம், அவ்வளவுதான். நடுக்கடலில் கப்பலில் நிற்பவருக்குச் சுற்றிலும் தெரியும் தொடுவானம் மாதிரி. கடல் அங்கே முடிந்துவிடுகிறதா என்ன?

கேள்வி: எல்லாம் ஒரு புள்ளியிலிருந்து தொடங்கியது என்றால், புள்ளி எப்படி முடிவில்லாததாக மாறும்?

மாறாது. ‘புள்ளி’ என்று சொல்லிச் சொல்லியே நாங்கள் கெடுத்துவைத்திருக்கிறோம். நம் பார்வைக்கு எட்டும் பகுதி ஒரு காலத்தில் மிகச் சிறிதாக இருந்தது என்பதே சரியான வாக்கியம். முழுப் பிரபஞ்சமும் அப்படி இருந்தது என்று பொருள் இல்லை. 1, 2, 3 என்று முடிவில்லாமல் போகும் எண்களை ஒரு கோட்டில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் அடுக்குங்கள். இடைவெளியை மில்லிமீட்டராகக் குறையுங்கள். நெரிசல் பத்து மடங்கு கூடிவிட்டது, ஆனால் கோடு இன்னும் முடிவில்லாததுதான். இன்று பிரபஞ்சம் முடிவில்லாததாக இருந்தால் பெருவெடிப்பு நேரத்திலும் அப்படித்தான், நெருக்கமாக இருந்தது என்பது மட்டும்தான் வித்தியாசம். அதனால்தான் ‘வெடிப்பு நடந்த இடம் எது’ என்ற கேள்விக்கும் பதில் கிடையாது. எல்லா இடத்திலும் நடந்தது.

கேள்வி: பிரபஞ்சம் ‘தட்டை’ என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டதாகப் படித்தேன். தட்டை என்றால் முடிவில்லாதது என்று முடிவாகிவிட்டதா?

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். இங்கே தட்டை என்பதற்குத் தட்டு மாதிரி சப்பையாக இருப்பது என்று பொருள் இல்லை. பள்ளியில் படித்த வடிவியல் அப்படியே செல்லுபடியாகும் வெளி என்று பொருள்.

ஒரு பந்தையும் மூன்று ரப்பர் பேண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் பந்தின் நடுவே மாட்டுங்கள். இரண்டாவதை அதற்குக் குறுக்கே, மூன்றாவதை இரண்டுக்கும் குறுக்கே. பந்து எட்டு முக்கோணமாகப் பிரியும். ஏதாவது ஒன்றைப் பாருங்கள்: மூன்று மூலையிலும் செங்கோணம், கூட்டினால் 270 பாகை! பந்தைவிட்டு வெளியே வராமல், அதன் மேல் ஊர்கிற எறும்புகூட இந்தக் கூட்டுத்தொகையை வைத்துத் தன் தரை வளைந்தது என்று கண்டுபிடித்துவிடும்.

நாமும் அந்த எறும்புதான். நமக்குப் பெரிய முக்கோணம் வேண்டும், வானமே அதைக் கொடுக்கிறது. மேலே சொன்ன பழைய ஒளி இன்று நுண்ணலையாக எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. அதில் கொஞ்சம் சூடான, கொஞ்சம் குளிர்ந்த திட்டுகள் உண்டு. அன்று பிரபஞ்சத்தை நிரப்பியிருந்த சூடான வாயுவில் ஒலி அலைகள் 3.8 லட்சம் ஆண்டில் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று கணக்கிட்டால் அந்தத் திட்டுகளின் அசல் அளவு தெரிந்துவிடும். அது முக்கோணத்தின் அடி, ஒளி வந்த வழிகள் இரண்டு பக்கங்கள். வெளி தட்டையாக இருந்தால் திட்டு ஏறத்தாழ ஒரு பாகை அகலம் தெரிய வேண்டும், அதாவது முழு நிலவைப் போல இரண்டு மடங்கு. பந்துபோல வளைந்திருந்தால் அதைவிடப் பெரிதாகவும், குதிரைச் சேணம்போல வளைந்திருந்தால் சிறிதாகவும் தெரியும். 1998 டிசம்பர் கடைசியில் அண்டார்டிகாவில் பறக்கவிட்ட பூமராங் என்ற பலூன் பத்து நாள் சுற்றி வந்து அளந்தது. முடிவு 2000இல் வெளியானது: ஏறத்தாழ ஒரு பாகை. பிறகு பிளாங்க் விண்கலம் இதை இன்னும் துல்லியமாக அளந்தது. மற்ற அளவீடுகளோடு சேர்த்துப் பார்த்தால் வளைவு பூஜ்யம், பிழை வரம்பு ஆயிரத்தில் இரண்டு அளவுக்குத்தான்.

ஆனால் பிழை வரம்பு என்று ஒன்று இருக்கிறதே! அதற்குள் ஒளிந்துகொள்கிற அளவு மிக மெல்லிய வளைவு இருந்தால், பிரபஞ்சம் 20,000 கோடி ஒளியாண்டுக்கு மேல் ஆரமுள்ள ஒரு மாபெரும் முப்பரிமாணக் கோளமாகவும் இருக்கலாம். முடிவுள்ளது, விளிம்பில்லாதது.

வளைவு சரியாகப் பூஜ்யமே என்று வைத்துக்கொண்டாலும் சிக்கல் தீரவில்லை. ஒரு தாளில் முக்கோணம் வரைந்து, தாளைக் குழாயாகச் சுருட்டுங்கள். தாள் கசங்கவில்லை, நீளவில்லை, முக்கோணத்தின் கூட்டுத்தொகை அதே 180 பாகைதான். ஆனால் ஒரு திசையில் போனால் சுற்றி வந்துவிடலாம். பாம்பு விளையாட்டின் திரையும் இப்படித் தட்டையானதுதான். ஆகவே தட்டை என்பதைக் கேட்டதும் முடிவில்லாதது என்று எழுதுகிறவர்கள் ஒரு படியைத் தாண்டிக் குதிக்கிறார்கள்.

கேள்வி: ‘இரண்டு விஷயங்களுக்கு எல்லையே இல்லை, ஒன்று பிரபஞ்சம், இன்னொன்று மனித முட்டாள்தனம்’ என்று ஐன்ஸ்டைன் சொன்னாராமே? வாட்ஸ்அப்பில் வந்தது.

அவர் அப்படி எழுதியதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. எழுதியதைச் சொல்கிறேன்: 1917இல் அவர் முன்வைத்த பிரபஞ்சம் அளவுள்ளது, விளிம்பில்லாதது, விரியாதது. விரிவது உறுதியான பிறகு 1932இல் டி சிட்டர் என்ற டச்சு வானியலாளருடன் சேர்ந்து அவர் முன்வைத்தது தட்டையான பிரபஞ்சம்.

கேள்வி: முடிவில்லாத பிரபஞ்சத்தில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு நட்சத்திரம் இருக்க வேண்டும். அப்படியானால் இரவு ஏன் இருட்டாக இருக்கிறது?

1610இல் கெப்ளர் இதே காரணத்தைக் காட்டித்தான் முடிவில்லாத பிரபஞ்சத்தை மறுத்தார். 1823இல் இதைப் பற்றி எழுதிய ஓல்பர்ஸ் என்ற வானியலாளரின் பெயரில் இது இன்று அறியப்படுகிறது. விடை: பிரபஞ்சத்துக்கு வயது உண்டு. தொலைவில் உள்ள நட்சத்திரங்களின் ஒளி இன்னும் வந்து சேரவில்லை, வந்ததும் விரிவால் மங்கிவிட்டது. இருட்டு வயதைச் சொல்கிறது, அளவைச் சொல்லவில்லை.

கேள்வி: முடிவில்லாதது என்றால் எங்கோ என்னைப் போலவே ஒருவர் இதே கேள்வியை எழுதிக்கொண்டிருப்பாரா?

கட்டாயம் இல்லை. இரட்டைப்படை எண்களுக்கும் முடிவில்லை, ஆனால் அதில் எவ்வளவு தேடினாலும் 7 கிடைக்காது. முடிவில்லாத வெளி, அது முழுக்கப் பொருள், அந்தப் பொருள் எல்லா விதமாகவும் கலைத்துப்போடப்பட்டிருக்க வேண்டும் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் உங்கள் பிரதி வரும். அவர் எழுதினால் பதில் போடுகிறேன்.

கேள்வி: என்றைக்காவது இதை நிரூபிக்க முடியுமா?

முடிவுள்ளது என்று நிரூபிக்க வழி இருக்கிறது. பிரபஞ்சம் நம் பார்வை எல்லையைவிடச் சிறிதாக இருந்து தன்னைத்தானே சுற்றி வந்தால், அந்தப் பழைய ஒளியில் ஒரே வகைத் திட்டு வரிசை கொண்ட வட்டங்கள் வானத்தின் இரண்டு திசைகளில் தெரிய வேண்டும். 2003இல் லுமினே என்ற பிரெஞ்சு வானியற்பியலாளரின் குழுவினர், பன்னிரண்டு ஐங்கோண முகங்கள் கொண்ட ஒரு பிரபஞ்சத்தையே வரைந்து காட்டினார்கள். ஒரு முகம் வழியாக வெளியே போனால் எதிர் முகம் வழியாக உள்ளே வருவீர்கள். எனக்கு மிகவும் பிடித்த யோசனை. பாவம், தேடியவர்களுக்கு அந்த வட்டங்கள் கிடைக்கவில்லை. எல்லா வடிவங்களும் இதனால் அடிபட்டுப் போகவில்லை, இன்னும் சிலர் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

முடிவில்லாதது என்று நிரூபிக்க வழியே இல்லை. எவ்வளவு தூரம் பார்த்தாலும் ‘குறைந்தது இவ்வளவு பெரிது’ என்றுதான் எந்த அளவீடும் சொல்லும்.

கேள்வி: பொறுத்திருந்தால் பார்வைக்கு எட்டும் பகுதி கூடிக்கொண்டே போகுமா?

கொஞ்சம் கூடும், அதற்கும் வரம்பு உண்டு. விரிவு வேகமெடுத்துக்கொண்டிருப்பது 1998இல் தெரியவந்தது. அதன்படி, இன்று சுமார் 1,600 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் ஒரு விண்மீன் மண்டலத்திலிருந்து இந்த நிமிடம் கிளம்பும் ஒளி நம்மை வந்து சேரவே சேராது. அது முன்பு அனுப்பிய ஒளிதான் இன்னும் வந்துகொண்டிருக்கிறது, நாளுக்கு நாள் சிவந்து, மங்கி.